கஸ்மாலம் கீதையில் இருக்கிறது

சென்னையில் ரெண்டு வண்டி உரசிக்கொண்டால் முதலில் வந்து விழுகிற வார்த்தைகளில் ஒன்று கஸ்மாலம். இந்தக் கஸ்மாலம் பகவத்கீதையில் இருக்கிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, இரண்டாம் அத்தியாயம், இரண்டாம் சுலோகம். அர்ஜுனன் வில்லைப் போட்டுவிட்டுத் தேர்த்தட்டில் உட்கார்ந்துவிட, 'குதஸ்த்வா கச்மலம் இதம்' என்று கிருஷ்ணர் ஆரம்பிக்கிறார். இந்த இக்கட்டான நேரத்தில் இந்தக் கசடு உனக்கு எங்கேயிருந்து வந்து சேர்ந்தது என்று கேள்வி. கச்மலம் என்றால் அழுக்கு, மனக்கலக்கம். கிருஷ்ணர் உன்னிடம் அழுக்கு ஒட்டியிருக்கிறது என்றார், நம்ம ஊர்க்காரர் நீயே அழுக்கு என்கிறார், வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்த மாதிரி வார்த்தைகளைச் சேர்த்து வைக்கிற கிறுக்கு எனக்கு ரொம்ப நாளாக உண்டு. போனில் ஒரு குறிப்பே இருக்கிறது, யாராவது பேச்சுவாக்கில் ஒன்றைப் போட்டால் உடனே அதில் ஏற்றிவிடுவேன். அப்புறம் அகராதி, பழைய ஆட்கள், தெலுங்கோ உருதோ தெரிந்த நண்பர்கள் என்று ஒரு சுற்று. இதில் புரிந்த ஒரு விஷயம், வாட்ஸ்அப்பில் சுற்றுகிற 'இந்த வார்த்தை எப்படி வந்தது தெரியுமா' வகைக் கதைகளில் பாதி புருடா. நிஜமான வேர் பெரும்பாலும் சினிமாக் கதை மாதிரி இருக்காது; யாரோ ஒரு தொழில்காரர் கையில் வைத்திருந்த சாமானாகவோ, ஒரு தாலுகா ஆபீஸ் ரெஜிஸ்டராகவோ இருக்கும்.

மெட்ராஸ் பாஷையிலிருந்தே தொடங்குவோம். அது கொச்சை, அது ரவுடி பாஷை என்று மூக்கைச் சுளிக்கிறவர்கள் கவனத்துக்கு: அதில் நல்ல பங்கு பாரசீகமும் அரபியும் உருதுவழியாக வந்து சேர்ந்தது. ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா 1768-ல் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார், திருவல்லிக்கேணியைச் சுற்றி உருது பேசுகிறவர்கள் பெருகினார்கள், பேச்சில் கலக்காமல் இருக்குமா? நாஷ்டா, மஜா எல்லாம் நேராக அப்படியே வந்தவை. பேஜார் என்பது 'பேஜார்'தான், சலித்துப்போன நிலை. கலீஜ் என்பது அசுத்தத்தைக் குறிக்கும் 'கலீஸ்'. குஜால், சந்தோஷமாக இருப்பவனைச் சொல்லும் 'குஷ்ஹால்'. எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது பேமானி. ஈமான் என்றால் நம்பிக்கை, நாணயம். அது இல்லாதவன் 'பேஈமான்', அவனுடைய குணத்துக்குப் பெயர் 'பேஈமானி'. அதாவது பேமானி என்பது நேர்மையின்மை என்கிற குணத்தின் பெயர், ஆளின் பெயர் இல்லை. சென்னைக்காரன் அந்த இலக்கணத்துக்கெல்லாம் நிற்கவில்லை, குணத்தைத் தூக்கி ஆள் தலையில் வைத்து 'டேய் பேமானி' என்று கூப்பிட்டுவிட்டான். கஸ்மாலத்துக்கும் இதே வைத்தியம்தான் நடந்திருக்கிறது, கவனித்தீர்களா.

நைனா தெலுங்கு, அங்கே 'நாயனா' என்றால் அப்பா. கய்தே மட்டும் வெளியூர்ச் சரக்கு கிடையாது, நம்ம கழுதைதான். மெட்ராஸ் வாயில் ழகரம் யகரமாகிவிடும், பழம் பயமாகும், கிழவி கியவியாவாள், கழுதை கய்தேயாகும்.

சரி, புருடாவுக்கு ஒரு உதாரணம் சொல்ல வேண்டும் இல்லையா. 'ஓசி'யை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் கடிதங்களில் 'ஆன் கம்பெனி சர்வீஸ்' என்று முத்திரை குத்தி ஸ்டாம்ப் ஒட்டாமல் இலவசமாக அனுப்புவார்கள், அந்த ஓ.சி.எஸ்.தான் தேய்ந்து ஓசி ஆனது என்று ஒரு கதை, நீங்களும் கேட்டிருப்பீர்கள். இந்தியா முழுமைக்குமான தபால்தலை வந்தது 1854-ல். கம்பெனி ஆட்சி முடிந்தது 1858-ல். நடுவில் இருப்பது நாலே வருஷம். ஸ்டாம்புக்கு முன்னாலும் தபால் இருந்தது, கட்டணம் இருந்தது, சர்க்கார் கடிதங்களுக்குச் சலுகையும் இருந்தது, அதனால் கதையை அடியோடு தள்ளிவிடவும் முடியாது. ஆனால் அந்த 'ஸ்டாம்ப் ஒட்டாமல்' என்கிற பகுதி, எவரோ பின்னால் தூவிய மசாலா என்றே எனக்குப் படுகிறது. சாப்பாட்டுக் கடையில் ஓசி ஊறுகாய் கேட்கிறவனுக்கு இதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

அடுத்தது எனக்குப் பிடித்த இலாகா: போரடிப்பது. உலகத்தில் மற்றவர்கள் எப்படியோ தெரியாது, தமிழர்கள் போரடிக்கும் பேச்சைச் சொல்ல ஒரு தச்சுப்பட்டறையையே திறந்து வைத்திருக்கிறோம். அப்பா தலைமுறைக்கு அது 'அறுவை'. 'ஆள் சரியான அறுவைப்பா' என்பார்கள். இன்னும் நீளமாகப் பேசுகிறவர் 'ரம்பம்'. அதையும் தாண்டினால் 'கழுத்தறுப்பு'. எங்கள் கல்லூரிக் காலத்தில் சாமான் சின்னதாகி 'பிளேடு' ஆனது. லெக்சரர் உள்ளே வரும்போதே கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன் ரெண்டு விரலைச் சேர்த்துக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்துக் காட்டுவான், அவ்வளவுதான், வகுப்பின் சாரம் முடிந்தது. நடுவில் 'கடி' வந்தது, அதில் ஆயுதம்கூட வேண்டாம், பல் போதும். கடி ஜோக்கில் ஒரு தனி ரகமே உண்டு, 'என்னதான்' என்று ஆரம்பிக்கும். என்னதான் நாய்க்கு நாலு கால் இருந்தாலும் அதால ஒரு லோக்கல் கால், ஒரு எஸ்.டி.டி. கால் பண்ண முடியுமா? இதைப் போன வாரம் அக்கா பையனிடம் சொன்னேன். சிரிக்கவில்லை, சரி, அது எதிர்பார்த்தது. 'எஸ்.டி.டி.ன்னா என்ன மாமா?' என்று கேட்டானே, அது எதிர்பாராதது. வெளியூருக்குப் போன் பேசுவது, அதற்கு மஞ்சள் பலகை வைத்த பூத், கண்ணாடிக் கூண்டு, மேலே ஓடுகிற சிவப்பு எண்கள், ராத்திரி நேரம் ஆக ஆகக் குறையும் கட்டணம் என்று விளக்கிக்கொண்டே போனேன், பாதியில் அவன் சொன்னான், 'மாமா, மொக்கை போடாதீங்க'.

மொக்கை! இத்தனை கத்திக்கும் ரம்பத்துக்கும் அப்புறம் வந்து நிற்கிற வார்த்தைக்கு அர்த்தம் என்ன தெரியுமா, முனை மழுங்கியது. கத்தி மொக்கையாகிவிட்டது என்போம், பென்சில் மொக்கையாகிவிட்டது, சீவணும் என்போம். அறுவை என்றால் ஒருவிதத்தில் அறுக்கவாவது செய்கிறது. மொக்கை அறுக்கவும் அறுக்காது, விடவும் விடாது, போட்டுத் தேய்த்துக்கொண்டே இருக்கும். போரடிப்பதன் வரலாற்றில் இதைவிடத் துல்லியமான சொல் இனி வர வாய்ப்பில்லை என்று நினைக்கிறேன். 2005, 2006 வாக்கில் தமிழில் வலைப்பூ எழுத ஆரம்பித்தவர்கள் தங்கள் எழுத்துக்குத் தாங்களே 'மொக்கைப் பதிவு' என்று தலைப்பு வைத்துக்கொண்டார்கள், அடுத்தவன் சொல்வதற்கு முன்னால் நாமே சொல்லிவிடுவோம் என்கிற தற்காப்பு.

தச்சுப்பட்டறையை விட்டு வெளியே வருவதற்குள் ஆப்பையும் பார்த்துவிடலாம். பெரிய மரத்தை நீளவாக்கில் அறுக்கும்போது அறுத்த பிளவு மறுபடி மூடிக்கொண்டு வாளைக் கவ்விப் பிடித்துவிடும். மூடாமல் இருக்க நடுவில் ஒரு கூர்முனைக் கட்டையைச் செருகி வைப்பார்கள், அது ஆப்பு. பஞ்சதந்திரத்தில் தச்சர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போன நேரம் பார்த்து ஒரு குரங்கு பாதி அறுத்த மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து, சும்மா இருக்காமல் ஆப்பைப் பிடுங்கும். பிளவு டப்பென்று மூடும். குழந்தைகள் புத்தகத்தில் வால் மாட்டிக்கொண்டது என்று போட்டிருப்பார்கள். மூலத்தில் மாட்டிக்கொள்வது வால் இல்லை. 'ஆப்பசைத்த குரங்கு' என்று பழமொழியே இருக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், கதைப்படி ஆப்பு வைக்கிறவரைக்கும் யாருக்கும் ஆபத்தில்லை, பிடுங்கினால்தான் சங்கதி. நம்ம பேச்சில் அது தலைகீழாகி, ஆப்பு வைப்பதுதான் கெடுதல் என்று ஆகிவிட்டது. 2005-ல் 'சந்திரமுகி'யில் வடிவேலு 'மாப்பு' என்று இழுத்து ஆரம்பித்து ஆப்பில் முடித்ததும் ஊரில் எல்லோர் வாயிலும் ஏறியது. எதுகைக்கு ஒரு வலு இருக்கத்தான் செய்கிறது.

வடிவேலு என்று வந்துவிட்ட பிறகு ஆணியை விட முடியாது. 2001-ல் வந்த 'பிரெண்ட்ஸ்' படத்தில் அவர் பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணி. கூட வேலைக்கு வந்த மூன்று பேரும் செய்கிற ஒவ்வொரு வேலையும் அவர் தலையில் விடிகிறது, ஆணி பிடுங்குகிறேன் என்று ஒருத்தன் நிற்க, நீ பிடுங்குவது பூராவும் தேவையில்லாத ஆணிதான் என்று அழாத குறையாகச் சொல்கிறார். படம் வந்து சில வருஷத்தில் ஐ.டி. ஆட்கள் அதை அப்படியே ஆபீஸ் வேலைக்குப் பெயராக எடுத்துக்கொண்டார்கள். 'என்னப்பா ஆளையே காணோம்?' 'ஆணி ஜாஸ்தி.' வார இறுதியில் கூப்பிட்டால் 'ஆணி புடுங்க வரச் சொல்லிட்டாங்க'. வேலை அதிகம் என்பதோடு அது தேவையே இல்லாத வேலை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும், மேனேஜருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அவர் முன்னாலேயே சொல்லலாம். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு பெரிய ரிலீசுக்கு முந்தின இரவு ஒயிட்போர்டில் யாரோ ஒரே ஒரு ஆணியை மட்டும் வரைந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், தலை, தண்டு, முனை எல்லாம் நேர்த்தியாக, பக்கத்தில் எழுத்து எதுவும் இல்லை. டெல்லிக்காரர் ஒருவர் அது டிராயிங்கா டயக்ராமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அதே நேசமணி 2019 மே மாதக் கடைசியில் உலக டிரெண்டிங்கில் வந்தது தெரிந்த கதைதான். ஃபேஸ்புக்கில் ஒரு பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டார்கள், தமிழர் ஒருவர் பெயரைச் சொன்னதோடு நிறுத்தாமல் இது தலையில் விழுந்துதான் நேசமணி அடிபட்டார் என்கிற ரீதியில் விளக்கம் கொடுக்க, விவரம் தெரியாதவர்கள் அக்கறையாக விசாரிக்க, தமிழ் இணையமே ஒன்றுசேர்ந்து அவர் குணமடையப் பிரார்த்தனை பண்ண ஆரம்பித்துவிட்டது. டெல்லியில் புது அமைச்சரவை பதவி ஏற்கிற நேரத்தில், 18 வருஷத்துக்கு முந்தைய படத்தில் தலையில் சுத்தியல் விழுந்த ஒரு கற்பனைக் கான்ட்ராக்டருக்காக.

இதை யோசிக்கும்போது ஒன்று தோன்றுகிறது. ஹீரோக்கள் சொல்கிற பஞ்ச் டயலாக் தியேட்டரில் விசில் வாங்கும், டி-ஷர்ட்டில் ஏறும், ஆட்டோ முதுகில் எழுதப்படும், ஆனால் பேச்சில் ரொம்ப நாள் தங்காது. சிங்கம் சிங்கிளாகத்தான் வரும் என்பதை இன்றைக்கு யாராவது சீரியசாகச் சொன்னால் சிரிப்போம். தனியாக டீ குடிக்க வந்தவனைக் கிண்டல் பண்ணத்தான் அது பயன்படுகிறது. காமெடியன்கள் அடி வாங்கியபோது, மாட்டிக்கொண்டபோது, ஏமாந்தபோது சொன்னவைதான் நிலைத்து நிற்கின்றன. காரணம் சுலபம், நமக்குச் சிங்கமாக இருக்கிற சந்தர்ப்பம் மாதத்தில் ஒன்று வந்தால் பெரிசு, அடி வாங்குவது தினப்படி. 'கரகாட்டக்காரன்' வந்தது 1989-ல். ரெண்டு பழத்துக்குக் காசு கொடுத்து ஒரு பழத்தோடு திரும்பி வந்த செந்திலிடம் கவுண்டமணி கேட்ட கேள்விக்கு இன்றுவரை எந்தக் கணக்காளரும் பதில் சொல்ல முடியவில்லை. பட்ஜெட்டில் இடித்தால் வாழைப்பழம், கட்சிக் கூட்டணியில் சீட் குறைந்தால் வாழைப்பழம். 1994-ல் வந்த 'நாட்டாமை'யிலிருந்து மக்கள் எடுத்துக்கொண்டதும் நாட்டாமையின் தீர்ப்பை இல்லை, தீர்ப்பை மாற்றிச் சொல்லச் சொல்லிக் கூட்டத்திலிருந்து வந்த குரலைத்தான்.

புதுசு என்று நினைத்துப் பேசுவதில் சிலது பரம்பரைச் சொத்து. 'கலாய்க்கிறது' இருக்கிறதே, அது ஏதோ காலேஜ் பசங்க கண்டுபிடித்தது என்று ரொம்ப நாள் ஊரே நம்பிக்கொண்டிருந்தது. பழைய அகராதியில் கலாய்த்தல் இருக்கிறது, சண்டையிடுதல், சினத்தல் என்று பொருள் போட்டு. கலாம் என்றால் பூசல், சச்சரவு. நடுவில் எங்கேயோ கோபம் கழன்று கிண்டல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. சில நண்பர்கள் கூட்டத்தில் கலாய்த்தல் இன்னும் பழைய பொருளிலேயே முடிகிறது என்பது வேறு விஷயம்.

கோர்ட்டிலிருந்து தெருவுக்கு இறங்கியவை தனிக் கூட்டம். ஃபோர்ட்வென்டி என்றால் ஏமாற்றுக்காரன், இது 1860-ம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டத்தின் 420-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டமே போய்விட்டது, புதுச் சட்டத்தில் மோசடிக்கு 318. யாரையாவது 'சரியான முந்நூத்திப் பதினெட்டுடா அவன்' என்று திட்டிப் பாருங்கள், நாக்கில் உட்காராது. கூட்டம் கூடத் தடை போடும் 144-ம் இப்போது 163 ஆகிவிட்டது, ஆனால் வீட்டில் பாட்டி 'இவ என்ன நூத்தி நாப்பத்திநாலு போட்டு வெச்சிருக்கா' என்றுதான் இன்னும் சொல்கிறார். கடன் வாங்கியவன் 'ஐ.பி. கொடுத்துட்டான்' என்றால் இன்சால்வன்சி பெட்டிஷன், திவால் மனு. 'மஞ்சக் கடுதாசி' என்பதும் அதேதான். பழைய ஆட்கள் இந்த வார்த்தையைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன், அத்தனை குடும்பங்கள் அதில் போயிருக்கின்றன.

தாலுகா ஆபீசிலிருந்து வந்தது புறம்போக்கு. வருவாய்க் கணக்கில் தீர்வைக்கு வெளியே நிற்கிற நிலம், அதனால் புறம்போக்கு. மேய்ச்சலுக்கு விட்டது மேய்க்கால் புறம்போக்கு, ஊர் மக்கள் குடியிருப்பு நத்தம் புறம்போக்கு, ஏரிக்கும் வாய்க்காலுக்கும் சுடுகாட்டுக்கும் தனித்தனியாக உண்டு. ஊருக்கே பொதுவானது எதுவோ அதுதான் இது. அதை உதவாக்கரை மனுஷனுக்குப் பெயராக்கியது நாம்தான், வரி வராத நிலம் வீண் என்று நினைத்த சர்க்காரின் கண் நமக்கும் தொற்றிக்கொண்டுவிட்டது போல. 2017-ல் எண்ணூர்க் கழிவெளிக்காக டி.எம். கிருஷ்ணா பாடிய பாட்டு இந்தச் சொல்லைத்தான் திருப்பிப் பிடித்தது.

இன்னொன்றைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன், எழுதுவதே நல்லது. 'கேப்மாரி'. இதைக் 'கேப்' என்றால் தொப்பி, 'மாறி' என்றால் மாற்றுகிறவன் என்று பிரித்துக் கதை சொல்வார்கள். இதுவும் புருடா. பிரிட்டிஷ் காலப் போலீஸ் குறிப்புகளில் அது ஒரு சமூகத்தின் பெயர், பிறவியிலேயே திருடர்கள் என்று அரசாங்கம் முத்திரை குத்திய கூட்டங்களில் ஒன்று. 1871-ல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் அமலுக்கு வந்து, 1947-ல்தான் இங்கே ரத்தானது. சட்டம் போய்விட்டது, முத்திரை சினிமா காமெடியில் ஜாலியாக ஓடிக்கொண்டிருக்கிறது. மொழியைப் போலீஸ் பண்ணுவது எனக்குப் பிடிக்காது, ஆனால் இது தெரிந்த பிறகு அந்த வார்த்தை என் வாயில் வருவதில்லை. திட்டுவதற்கா தமிழில் பஞ்சம்? முடிச்சவிழ்க்கி இருக்கிறது, வேட்டித் தலைப்பிலும் முந்தானையிலும் காசை முடிந்து வைத்த காலத்துப் பிக்பாக்கெட், யார் சாதியையும் இழுக்காத சுத்தமான தொழிற்பெயர்.

கடைசியாக அபீட். 'சரி மச்சி, நான் அபீட்டு' என்றால் கிளம்புகிறேன் என்று அர்த்தம். இதற்கும் இங்கிலீஷில் வேர் தேடி ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள், எனக்கென்னவோ பம்பரத்தைத் தாண்டிப் போக வேண்டியதே இல்லை என்று தோன்றுகிறது. சாட்டையைச் சுற்றி எல்லோரும் ஒரே நேரத்தில் பம்பரத்தை விடுவார்கள். அது சுற்றிக்கொண்டிருக்கும்போதே சாட்டைக் கயிற்றை ஆணியில் கொடுத்து ஒரு சுண்டு சுண்டினால் பம்பரம் எகிறி மேலே வரும், கையில் பிடிக்க வேண்டும். அதுதான் அபீட் எடுப்பது. எடுத்தவன் தப்பித்தான். கடைசியாக எடுத்தவன் பம்பரம் வட்டத்துக்குள் போகும், மற்றவர்கள் தங்கள் பம்பர ஆணியால் அதன் மண்டையில் குத்துவார்கள், அந்தக் குழிக்குப் பெயர் ஆக்கர். புதுப் பம்பரத்தில் முதல் ஆக்கர் விழுந்த அன்றைக்குச் சோறு இறங்காது. ஆக, மாட்டிக்கொள்வதற்கு முன்னால் களத்தை விட்டுக் கையோடு கிளம்புவது அபீட், இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

இது எங்கள் பக்கத்துக் கணக்கு. மதுரை, கோவை, நெல்லைப் பக்கமும் யாழ்ப்பாணத்திலும் சாட்டையால் சுண்டிக் கையில் பிடிப்பதற்கு வேறு பெயர் இருந்தால் எழுதுங்கள், குறிப்பில் ஏற்றிக்கொள்கிறேன். எனக்கு ஆணி கிடக்கிறது, அபீட்டு.